ஓட்டு கேட்டு வருபவரால் குடியுரிமை தர முடியுமா?

கேள்வி வியாசர்பாடியிலிருந்து வந்தது. கேட்ட தம்பியின் வார்த்தையிலேயே தருகிறேன்: "தேர்தல் வந்தா எங்க தெருவுக்கு வர்றவங்கள்ல ஒருத்தர் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை வாங்கித் தருவேங்கிறார். இன்னொருத்தர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் தமிழ்நாட்டுக்குள்ள விடமாட்டேங்கிறார். மூணாவது ஆளு வடக்கத்திக்காரங்க வர்றதையே நிறுத்திடுவேங்கிறார். இதுல எது நடக்கும்? கூட ஒண்ணு. என்கூட வேலை செய்யற நண்பர் 1985ல தமிழ்நாட்டுலயே பிறந்தவர், குடும்பம் புழல் முகாம்ல இருக்கு. அவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?"

பாஸ்போர்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குத்தான் தெளிவான பதில் இருக்கிறது.

முதலில் வேட்பாளர் எந்த அவைக்குப் போகிறார் என்று பாருங்கள். குடியுரிமை, வெளிநாட்டவர், பாஸ்போர்ட், விசா, நாட்டுக்குள் அனுமதிப்பது, வெளியேற்றுவது எல்லாமே அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில், 17வது, 19வது இனங்களாக இருக்கின்றன. மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வதும் அதே பட்டியலில்தான், 81வது இனம். பெரம்பூரிலோ ஆர்.கே. நகரிலோ ராயபுரத்திலோ நின்று ஜெயிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கு இவற்றில் ஒரு வரியைக்கூட மாற்றும் அதிகாரம் கிடையாது. சட்டமன்றம் தீர்மானம் போடலாம், போட்டும் இருக்கிறது. 2021 செப்டம்பர் 8 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியலாக அதற்கு மதிப்பு உண்டு. சட்டமாக அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

வடசென்னை மக்களவைத் தொகுதிக்கு நிற்பவர் விஷயம் வேறு. அவர் ஓட்டுப் போடும் அவையில்தான் இந்தச் சட்டங்கள் பிறக்கின்றன. அதனால் அவருடைய கட்சி அங்கே என்ன செய்தது என்று பார்த்தால், தெருவில் பேசுவதை எடை போட்டுவிடலாம்.

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125க்கு 105 என்று நிறைவேறியது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அது வழி திறந்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கையும் இல்லை. அந்த 125ல் அதிமுகவின் 11 ஓட்டும் பாமகவின் 1 ஓட்டும் சேர்த்தி. அந்தப் பன்னிரண்டும் மாறி விழுந்திருந்தால் 113க்கு 117 என்று மசோதா தோற்றிருக்கும். அதே அதிமுக 2021 தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. ஓட்டு போட்ட பிறகு வந்த வருத்தம்.

திமுகவுக்கும் பழைய கணக்கு உண்டு. முகாம் தமிழர்கள் இங்கே நிரந்தரமாகத் தங்க உரிமை கொடுங்கள் என்று 2009ல் கருணாநிதி டெல்லியைக் கேட்டார். நியாயமான கோரிக்கை. ஆனால் அப்போது டெல்லி அமைச்சரவையில் அவர் கட்சியினர் உட்கார்ந்திருந்தார்கள், 2013 மார்ச் வரைக்கும் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்காக ஒரு திருத்தம்கூட வரவில்லை. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் என்மேல் பாய்வார்கள், பாயட்டும்.

"தமிழ்நாட்டில் அமல்படுத்த விடமாட்டோம்" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 11 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியானதும் முதல்வர் ஸ்டாலின் இதைச் சொன்னார். அப்போதுதான் கட்சி தொடங்கியிருந்த விஜய்யும், தமிழ்நாட்டில் இதை அமல்படுத்தக் கூடாது என்று அறிக்கை விட்டார். விதியைப் படித்தவர்களுக்கு உடனே ஒரு சங்கடம் புரிந்திருக்கும். வழக்கமாகக் குடியுரிமை மனு மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போகும். இந்த விதிகளில் ஆட்சியரைச் சுற்றிக்கொண்டு போகப் பாதை போட்டிருக்கிறார்கள். மாவட்டக் குழுவுக்குத் தலைவர் அஞ்சல் துறைக் கண்காணிப்பாளர், மேலே இருக்கும் குழுவுக்குத் தலைவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர். இருவருமே மத்திய அரசு ஊழியர்கள். மாநில அரசு கையெழுத்துப் போட வேண்டிய இடம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் எதைத் தடுப்பது? பாஜக தரப்பு இந்தச் சட்டத்தால் யாருடைய குடியுரிமையும் பறிபோகாது என்கிறது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அது சரி. ஆனால் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பவர்கள் கேட்பது, "அந்த மூன்று நாட்டு இந்துவுக்கு உள்ள வழி இலங்கை இந்துவுக்கு ஏன் இல்லை?" என்று. அதற்கு அந்தக் கட்சி வேட்பாளர் யாரும் நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த விஷயத்தை ஏட்டுச் சட்டமாகப் பார்க்காமல் நம் ஏரியாவை வைத்துப் பார்த்தால் சீக்கிரம் புரியும். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும், தம்பி. 1962ல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஓரிரு ஆண்டில் கடை, வங்கி எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியதும், நம் ஆட்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதிய ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்துக்கு வீட்டு மனை கிடைத்தது, கடன் கிடைத்தது. அவர்களுக்காகவே 1969ல் ரெப்கோ வங்கி வந்தது. கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் வந்தது, பக்கத்திலேயே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை வந்தது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளை யாரும் குடியேறியவர் என்று சொல்வதில்லை. ஓட்டு கேட்டு அவர்கள் வீட்டுக்கும்தான் போகிறார்கள்.

வியாசர்பாடியிலிருந்து வடக்கே போனால் புழல் வந்துவிடும். அங்கே முகாமில் இருப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு என்பது பல வேட்பாளர்களுக்கே தெரியாது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைப் பக்கத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு வகை. மலையகத் தமிழர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய பாட்டன் பூட்டன் இங்கேயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1948ல் இலங்கை இவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974ல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்ட யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரித்த ஆட்களை அனுப்பும் வேலை முடியும் முன்பே இலங்கையில் போர் வந்துவிட்டது. 1984ல் ராமேசுவரம் – தலைமன்னார் கப்பல் நின்றது. அதற்கு முன் காகிதத்தோடு கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை, ரெப்கோவில் கடன். அவருடைய சொந்தத் தம்பியே 1990ல் படகில் வந்து இறங்கியிருந்தால் அகதி. குடியுரிமைச் சட்டத்தில் 2003 திருத்தம் வந்த பிறகு சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறி. இந்திய வம்சாவளியினர் பதிவு செய்து குடியுரிமை பெறும் பிரிவு சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சட்டவிரோதக் குடியேறி அதைத் தொட முடியாது என்று அதே பிரிவு கதவைச் சாத்துகிறது. 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இப்படிப்பட்ட மலையகக் குடும்பங்களின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவிட்டது. நீதிபதி அந்த வழக்கில் இவர்களுடைய வம்சாவளியைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டார்.

ஆக, மேடையில் "ஈழத்தமிழருக்குக் குடியுரிமை" என்று மொத்தமாக முழங்குபவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: மலையகத்தாருக்காகச் சட்டவிரோதக் குடியேறி என்ற விளக்கத்தில் ஒரு விலக்கு கேட்டு, நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி திருத்தம் கொண்டுவருமா? அதற்குப் பெரிய புரட்சி வேண்டாம், சட்டத்தில் ஒரு வரி போதும். விலக்கு கொடுப்பது டெல்லிக்குப் புதிதும் இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்து தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். ஜெயிலுக்குப் போக வேண்டாம் என்ற அளவில் அது நிம்மதி. குடியுரிமை ஆகாது. சிலர் அதைக் குடியுரிமை கிடைத்த மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நம்ப வேண்டாம்.

அதிமுக நெடுநாளாகச் சொல்லும் இரட்டைக் குடியுரிமை கேட்க நன்றாக இருக்கும். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது. யாருக்கும் இல்லாததை முகாமில் இருப்பவருக்கு வாங்கித் தருவேன் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

மாநில அரசால் முடிந்ததும் உண்டு. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். குடும்பத் தலைவருக்கான மாதப் பணம் 1,000லிருந்து 1,500 ஆனது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது. சட்டமன்ற வேட்பாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்: உங்கள் பக்கத்து முகாமில் வீடு கட்டியாகிவிட்டதா, கழிப்பறை எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, பொறியியல் படித்த பிள்ளை ஏன் பெயின்ட் அடிக்கப் போகிறான்? இதற்கெல்லாம் டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

இப்போது வடக்கத்திக்காரர் பேச்சு. சூடு அதிகம், தெளிவு குறைவு.

முதலில் ஒன்று. பீகாரிலிருந்து வருபவர் இந்தியக் குடிமகன். நாட்டுக்குள் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் அவருக்குள்ள உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19வது உறுப்பு சொல்கிறது. நம் ஆட்கள் பம்பாய் தாராவிக்கும் பெங்களூருக்கும் போனதும் அதே உரிமையில்தான். வரவே விடமாட்டேன் என்று எந்த எம்எல்ஏவும் எம்பியும் சொல்ல முடியாது. சீமான் கேட்கும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு, அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூரில் இருப்பது. வெள்ளைக்காரன் 1873ல் எல்லைப்புற மலைப் பகுதிக்குப் போட்ட ஒழுங்குமுறை அதற்கு அடிப்படை. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் அதை எப்படி நடத்துவது என்று யாரும் விளக்கியதில்லை. கடல் தாண்டி வந்தவருக்குக் குடியுரிமையும், கோதாவரி தாண்டி வந்தவருக்குச் சீட்டும் ஒரே மூச்சில் கேட்பவர்கள் அதை இன அடிப்படையில் நியாயப்படுத்துகிறார்கள். அவர்கள் கொள்கைக்கு அது பொருந்தும். சட்டத்துக்குப் பொருந்தாது.

உள்ளூர்க்காரருக்கே 75 சதவீத வேலை என்ற வாக்குறுதியும் அப்படித்தான். 2021ல் திமுக அறிக்கையில் அது இருந்தது. ஹரியானா அப்படி ஒரு சட்டம் போட்டே பார்த்தது, மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைக்கு. 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 ஜூலையில் கர்நாடகா ஒரு மசோதாவை எடுத்துவிட்டு, தொழில் நிறுவனங்கள் கத்தியதும் கீழே வைத்துவிட்டது. இந்தப் பின்னணி தெரியாமல் இன்னும் அதையே சொல்பவர், கேட்பவருக்கு நினைவிருக்காது என்று நம்புகிறார்.

ஆனால் மக்களின் கோபம் பொய்யில்லை. அதில் இரண்டு வேறு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். பெரம்பூர்ப் பக்கம் போனால் ரயில்வே வேலை பற்றிய கோபம். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் முடித்த உள்ளூர்ப் பையன்கள் வருஷக்கணக்காக வெளியே நிற்க, தேர்வெழுதி வெளிமாநிலத்தார் உள்ளே போகிறார்கள் என்ற ஆதங்கம். அது மத்திய அரசின் ஆள்சேர்ப்புக் கொள்கை. அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டுவது, தேர்வை நடத்தும் முறை இதெல்லாம் எம்பி மல்லுக்கு நிற்க வேண்டிய இடம். மணலியிலும் மாதவரத்திலும் செங்குன்றத்திலும் குடோனில் மூட்டை தூக்கும் பையனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் யாருடைய ரயில்வே வேலையையும் எடுக்கவில்லை. ஆனால் டீக்கடையில் கண்ணில் படுகிறவன் அவன்தான், திட்டு அவனுக்கு விழுகிறது.

குடோன் வேலை விஷயம் வேறு. நம் லோடுமேன் சங்கம் வைத்திருப்பார், மூட்டைக்கு ரேட் பேசுவார், சாயந்திரம் வீட்டுக்குப் போவார். வெளியூர்ப் பையன் குடோனிலேயே படுப்பான், பன்னிரண்டு மணி நேரம் நிற்பான், பணம் ஆள் கூட்டிவந்த கான்ட்ராக்டரான தேகேதார் கையிலிருந்துதான் வரும், அதில் தேகேதார் எடுத்துக்கொண்டது போகத்தான் இவனுக்கு. முதலாளிக்குப் பிடித்தது பீகார்க்காரனை இல்லை, கேள்வி கேட்க முடியாத ஆளை. நம் ஊர்க்காரனுக்கு ஒரு ரேட், அவனுக்கு ஒரு ரேட் என்று இருக்கிறவரை நம் ஊர்க்காரனுக்கு வேலை கிடைக்காது. அதனால் அவனுக்குச் சட்டப்படி கூலி, பிஎஃப், இஎஸ்ஐ கொடுக்க வைப்பது உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்றும் வேலையும்தான். இதை இடதுசாரிச் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்கின்றன. ஓட்டாக மாறவில்லை என்பது வேறு.

இதற்கான சட்டம் 1979லிருந்தே இருந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநில ஆட்களைக் கூட்டிவந்தால் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், வந்து போகும் செலவு தர வேண்டும், இடப்பெயர்வுப் படியாக மாதக் கூலியில் பாதி தர வேண்டும். பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் ஐந்து பத்தானது. எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் சின்ன கான்ட்ராக்டர் அந்தப் பாதுகாப்பு விதிகளுக்கு வெளியே போய்விடுகிறார். வடசென்னைப் பட்டறைகளிலும் குடோன்களிலும் அப்படிப்பட்டவர்கள்தான் ஏராளம். சட்டம் டெல்லி போட்டது என்றாலும் தொழிலாளர் துறை ஆய்வாளர் மாநில அரசு ஆள். அவர் வருகிறாரா, எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள் என்பது எம்எல்ஏ கேட்க வேண்டிய கேள்வி.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் செத்தார்கள். அசாம் உள்ளிட்ட வெளிமாநிலத்தவர்கள். வடக்கத்திக்காரரைத் துரத்துவேன் என்று பேசும் வேட்பாளர், அந்த உயரத்தில் யார், எந்தப் பாதுகாப்போடு ஏறினார்கள் என்பதைப் பற்றியும் நம் தெருவில் பேசியிருந்தால், அவர் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாக மதித்திருப்பேன். எதிர்ப்பக்கமும் சளைத்ததில்லை. 2023 மார்ச்சில் இங்கே பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பி, பயந்துபோன தொழிலாளர்கள் ரயிலேற, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் பொய் என்று உறுதிசெய்து போனது. அந்தப் பொய்யால் யாருக்கு ஓட்டு விழுந்ததோ, ஒரு சீசன் வேலை போனது தொழிலாளிக்கு.

"அவங்க எல்லாம் இங்க ஓட்டர் ஆயிடுவாங்க" என்ற பயத்தைப் பற்றி ஒரு வரி: ஒரு தொகுதியில் சாதாரணமாக வசிக்கும் குடிமகன் அங்கே வாக்காளராகலாம், ஒரே இடத்தில்தான் ஆகலாம். 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது அவ்வளவே. அதைவிட, 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர் இல்லாமல் போனதே, உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் நண்பர். இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை இதைச் சொல்லியே பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 1985ல் பிறந்த உங்கள் நண்பருக்கும் அதே வாதம் பொருந்தும். அவர் குடியுரிமை கேட்டு மனுப் போட வேண்டியதில்லை. அது ஏற்கனவே அவரிடம் இருக்கிறது, நிரூபித்தால் போதும்.

நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்போது பதிவு செய்யாமல் விட்டிருந்தால், தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குறிப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய முகாம் அட்டை எது இருந்தாலும் எடுத்து வைக்கட்டும். முகாம் அட்டையில் இலங்கை நாட்டவர் என்று எழுதியிருப்பதால் போலீஸ் விசாரணையில் இழுக்கும். மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், தீர்ப்பு கையில் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பெற்றோரோ அவரோ சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவருக்கு அந்நாட்டுக் குடியுரிமைப் பதிவு செய்திருந்தாலோ, இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தாலோ, விண்ணப்பிக்கும் முன் அந்தக் காகிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும். அது வழக்கையே திசை மாற்றிவிடும்.

அவருக்குத் தம்பி தங்கைகள் இருந்து, 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால், அதே முகாமில் அதே தாய்க்குப் பிறந்திருந்தாலும் இந்த வழி அவர்களுக்குக் கிடையாது. 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவர் என்றால் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அவர்களுக்காக எம்பி வேட்பாளரிடம்தான் கேட்க வேண்டும், மேலே சொன்ன அந்த ஒரு வரித் திருத்தத்தை.